நாங்களே நினைத்தாலும்

நான்காவது முறையும் அதே பெண்தான்.

ஒரே நாளில் ஒருவர் திரும்ப அழைத்தால் முதலில் பேசியவருக்கே அழைப்பு போகும்படி இங்கே ஏற்பாடு. யார் செய்த ஏற்பாடோ, அவர் வாழ்நாளில் ஒரு அழைப்பையாவது எடுத்துப் பேசியிருக்க மாட்டார்.

மக்கள் தங்கள் கோப்புகளை இணையத்தில் பூட்டி வைக்க இடம் கொடுக்கிற நிறுவனம் எங்களுடையது. பூட்டும் அவர்களுடையது, சாவியும் அவர்களுடையது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று எங்களுக்கே தெரியாது. அதற்காகத்தான் தேடி வருகிறார்கள். வந்த ஒரு மாதத்தில் கடவுச்சொல்லை மறந்துவிட்டு, "நீங்களாவது பாத்துச் சொல்லுங்க" என்று அழைக்கிறார்கள்.

இந்தப் பெண் அந்த ரகம்கூட இல்லை.

ஒன்றரை வருடமாக இவளும் இவளுடைய அக்காவும் ஒரே கணக்கைத் திறந்து, சேர்ந்து கோப்புகளை ஏற்றிவருகிறார்கள். இன்று காலை எட்டு மணிக்கு எல்லாவற்றையும் அக்கா பெயருக்கு மாற்றியிருக்கிறாள். அடுத்த நிமிடம் தன் பெயரைத் தானே நீக்கியிருக்கிறாள். நீக்கினால் திரும்ப நுழைய முடியாது, சரியா என்று திரை இரண்டு தடவை கேட்டிருக்கும். இரண்டு தடவையும் சரி என்றுதான் அழுத்தியிருக்க வேண்டும்.

ஒன்பது மணிக்கு என்னைக் கூப்பிட்டு, மறுபடி உள்ளே போகணும் என்றாள்.

தற்போது அந்த வசதி இல்லை மேடம், தயவுசெய்து உங்கள் அக்காவை அணுகிப் பாருங்கள் என்றேன். அக்கா போனை எடுக்கவில்லையாம்.

பத்தரைக்கு, உள்ளே போக முடியாவிட்டால் போகட்டும், மொத்தத்தையும் அழித்தாவது தர முடியுமா என்றாள். சிரமத்துக்கு வருந்துகிறேன் என்றேன். மதியச் சாப்பாட்டுக்கு எழுந்த நேரத்தில் மூன்றாவது அழைப்பு. மேலே பெரியவர்கள் யாரிடமாவது சொன்னால் நடக்குமா? உங்கள் கோரிக்கையைப் பதிவு செய்துகொள்கிறேன் மேடம் என்றேன். சோறு ஆறிப்போனது.

இப்போது மணி மூன்று. முதலிலிருந்து தொடங்கினாள். உள்ளே போக முடியுமா, அழிக்க முடியுமா, பெரியவர்கள் யாராவது. ஒரு கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் நடுவே அவ்வளவு இடைவெளி விட்டாள். எனக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் எங்கள் மேற்பார்வையாளர் எழுந்து நின்றார். யார் எத்தனை நிமிஷம் பேசினார்கள் என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து வேறு பேச்சு வராது என்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் நிமிஷம். மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். ஒன்பது நிமிடம் ஓடியிருந்தது.

"கொஞ்சம் தெளிவா சொல்லுங்க மேடம். முடியுமா, முடியாதா?" என்றாள் அவள்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ.

"எத்தனை தடவைங்க சொல்றது? முடியாது. நீங்க தலைகீழா நின்னாலும் முடியாது. போலீஸே வந்து கேட்டாலும், நாங்களே நினைச்சாலும் அதைத் திறக்க முடியாது. உங்க அக்கா சொல்லாம அதுல ஒரு எழுத்தைக்கூட அழிக்கவும் மாட்டோம். இதுக்கு மேல நீங்க நாள் பூரா கூப்பிட்டாலும் இதேதான் பதில்."

கூடம் முழுக்கத் தட்டச்சுச் சத்தம் நின்றுபோனது. நிமிஷம் தடுப்பைச் சுற்றிக்கொண்டு என்னை நோக்கி வர ஆரம்பித்தார்.

வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது காதுக்குள் ஓர் ஆண் குரல் கேட்டது. தூரத்திலிருந்து வந்த மாதிரி இல்லை. இவ்வளவு நேரமும் போனுக்குப் பக்கத்திலேயே இருந்த மாதிரி.

"அப்ப என்னைப் பத்தி இவ எழுதி வச்சதெல்லாம் அப்படியேதான் இருக்குமா?"

"இருக்கும் சார்" என்றேன், அதே வேகத்தில். சொன்ன பிறகுதான் கேள்வி எனக்கு உறைத்தது.

நாற்காலியோ என்னவோ கீழே விழுந்தது. கதவு அறைந்து சாத்தப்பட்டது. அழைப்பு மட்டும் துண்டிக்கப்படவில்லை.

கோப்புகளின் உள்ளே என்ன என்பது எங்களுக்குத் தெரியாது. ஏற்றிய தேதி மட்டும் தெரியும். காலையிலிருந்து என் கண் முன்னால் இருந்த அந்தப் பட்டியலை இப்போதுதான் பார்த்தேன். நாற்பத்திரண்டு கோப்புகள். முதலில் மாதத்துக்கு ஒன்று. பிறகு பத்து நாளுக்கு ஒன்று. போன மாதத்தில் அடுத்தடுத்து நான்கு நாட்கள்.

என் இருக்கைக்குப் பின்னால் வந்து நின்ற நிமிஷத்தை, திரும்பிப் பார்க்காமலே கை காட்டி நிறுத்தினேன்.

"மேடம், இருக்கீங்களா? உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"இல்லம்மா. வீட்டுக்காரர் வெளிய போயிட்டார். அக்கா காலைலேர்ந்து தெருமுனையில வண்டியோட நிக்கிறா. நான் கிளம்பிட்டேன்."

பையின் ஜிப்பை இழுக்கும் சத்தம் கேட்டது. கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

"அட, நீங்க வேற" என்றாள். "முன்னாடி மூணு தடவையும் நீங்க ரொம்ப மரியாதையா பேசிட்டீங்க. அதான் நிஜமாவே முடியாதுன்னு அவர் நம்பல."