கலப்பில்லாத பெட்ரோல்

அறுபத்து மூன்றாம் வளைவில் கார் குலுங்கி நின்றது.

அப்துல் அலீம் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி தில்ஷாத் பேகம் இறங்கி, ஒரு கல்லைத் தேடியெடுத்துப் பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்தாள். அவளுக்கு இது பழகிவிட்டிருந்தது.

போன தடவை ஐம்பதைத் தாண்டி நின்றது. அதற்கு முன் முப்பதுகளிலேயே. எழுபதாவது வளைவை இந்தக் கார் இன்னும் பார்க்கவில்லை.

அது அவர்களுடைய ஒரே மகன் ரமீஸின் கார். ஒரு காலத்தில் பந்தயங்களில் ஓடிய வெளிநாட்டு வண்டி. ஏற்காட்டில் ஏதோ எஸ்டேட் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்ததை வாங்கி வந்து, மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் தங்கள் மிளகுக் குடோனுக்குப் பின்னால் வைத்து, அப்பாவும் மகனும் திருகு திருகாகச் சேர்த்தார்கள். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் எங்கேயும் நிற்காமல் ஏறிவிட வேண்டும் என்பது ரமீஸின் ஆசை.

என்ஜின் முதன்முதலாக உறுமிய அன்று அவன் இல்லை. டெங்குக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டிருந்தது.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி உறவுக்காரர்கள் கிளம்பிப் போன பிறகு, வண்டியை ஒரு தடவை மேலே கொண்டுபோய் நிறுத்திவிட்டால் தன் வேலை முடிந்தது என்றார் அலீம். அன்றைக்கே மிளகுக் கடைச் சாவியைத் தம்பி அப்சரிடம் கொடுத்தார். பிரஷர் மாத்திரையை நிறுத்தினார். பகலெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தார்.

பெட்ரோல் தேடிப் போகிற நாட்களில் மட்டும் எழுந்தார். அன்று மட்டும் சவரம் செய்துகொள்வார். தட்டில் வைத்ததைச் சாப்பிடுவார்.

வண்டி நிற்பதற்குக் காரணம் பெட்ரோல்தான் என்று அவர் உறுதியாக நம்பினார். இப்போது அநேகமாக எல்லா பங்க்கிலும் எத்தனால் கலந்துதான் வருகிறது; பழைய என்ஜினுக்கு அது ஆகாது, ரப்பர் குழாய்களை அரித்துவிடும். போதாததற்கு இது பந்தய என்ஜின். சாதாரண பெட்ரோலை ஊற்றினால் ஏற்றத்தில் உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் சத்தம் வரும். சேந்தமங்கலத்தில் பார்த்தார். நாமக்கல்லில் பங்க் பங்க்காக ஏறி இறங்கினார்.

இந்தத் தடவை சேலம் வரைக்கும் போய், எத்தனால் கலக்காத, தட்டல் வராதபடி ஆக்டேன் கூடிய பெட்ரோலை கேனில் வாங்கி வந்தார். டேங்க்கில் இருந்த பழையதைச் சொட்டு மிச்சமில்லாமல் வடித்துவிட்டு நேற்று மாலை அதை ஊற்றினார்.

அதுவும் நின்றுவிட்டது.

மலைமேல் குண்டனி நாட்டைச் சேர்ந்த அண்ணாமலை பிக்கப் வண்டியில் ஏறி வந்தார்; இவர்களைப் பார்த்து நிறுத்தினார். வருடக்கணக்காக இவர்கள் கடைக்கு மிளகு போடுகிறவர். கயிறு இருக்கிறது, மேலே வரைக்கும் கட்டி இழுத்துக்கொண்டு போய்விடுகிறேன் என்றார். அலீம் வேண்டாம் என்று தலையாட்டினார். அண்ணாமலை தில்ஷாத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

அலீம் பானட்டைத் திறந்தார்.

பெட்ரோல் வடிகட்டியின் சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். நடுவில் ஒரு கோடு தெரிந்தது. கோட்டுக்கு மேலே பெட்ரோல். கீழே தண்ணீர்.

எத்தனால் கலந்ததாக இருந்தால் தண்ணீர் அதோடு கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கும். இந்தப் பெட்ரோல் தண்ணீரைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

அவர் முகம் சிவந்துவிட்டது. இப்போதே சேலம் போய் அந்த பங்க்காரனை நாலு பேர் முன்னால் நிறுத்திக் கேட்கப்போவதாகச் சொன்னார்.

"பங்க்காரங்க மேல தப்பில்லீங்க," என்றாள் தில்ஷாத். "தண்ணி ஊத்துனது நான்தானுங்க. ஒவ்வொரு தடவையும்."

அவர் திரும்பிப் பார்த்தார்.

அவள் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"மேல போய்ச் சேந்துட்டா, மறுநா காலையில நீங்க எதுக்குங்க எந்திரிப்பீங்க?"

அலீம் கிண்ணத்திலிருந்ததைச் சாலையோரம் கொட்டினார். காருக்கு அடியில் படுத்து டேங்க்கின் அடித்திருகைத் திறந்து, தண்ணீர் முழுவதும் போகும்வரை வடித்தார். கிண்ணத்தைத் துடைத்து மாட்டினார். கையைப் பழந்துணியில் துடைத்தார். எல்லாவற்றையும் நிதானமாக, எப்போதும் செய்கிற ஒழுங்கில் செய்தார்.

பிறகு உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

என்ஜின் பிடித்துக்கொண்டது.

தட்டல் இல்லை, இருமல் இல்லை. ஆக்சிலரேட்டரை மிதித்தார், மலைச்சரிவு முழுவதும் அந்தச் சத்தம் எழுந்து நிறைந்தது. மரத்திலிருந்த குரங்குகள் கிளை தாவி ஓடின. இன்னும் ஏழே வளைவுகள். அண்ணாந்து பார்த்தால் கடைசி வளைவின் தடுப்புச் சுவர்கூடத் தெரிந்தது. இந்த வேகத்தில் ஐந்து நிமிடம் ஆகாது.

தில்ஷாத் வண்டியில் ஏறவில்லை. சாலையோரத்திலேயே நின்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் வெகுநேரம் என்ஜினை ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். ரமீஸ் இதைக் கேட்டதே இல்லை.

பிறகு சாவியைத் திருப்பி அணைத்தார். எட்டி அவள் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார்.

"இந்தப் பெட்ரோலும் சரியில்ல தில்ஷாத்," என்றார். "நாளைக்கு வேற எங்கயாச்சும் கேட்டுப் பாக்கறேன்."