புகைக்குழாய்க்கு ஒரு மூடி

தான் கட்டிக்கொடுத்த புகையில்லா அடுப்பிலிருந்து சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த புகைக்குழாயின் வாயிலிருந்து ஒரு சாக்குத் துண்டைப் பிடுங்கி எடுத்தான் பத்ரிநாத். இந்த வீட்டில் இது மூன்றாவது முறை.

யார் அடைத்திருப்பார்கள் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. "பொகையாத அடுப்பு ஒரு அடுப்பா?" என்று முதல் நாளே முகத்தைச் சுளித்தவள் இந்த வீட்டுப் பெரியவள் பாண்டியம்மாள்.

"ஏம்மா, இதை அடைச்சது நீங்கதானே?"

"நல்லாருக்கே கதை! எனக்குத் தெரியிறதே ஒத்தக் கண்ணு. அதையும் பொகைக்குக் குடுக்கவா?" ஆட்டை அவிழ்த்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டாள்.

பத்ரிநாத் கடிகாரத்தைப் பார்த்தான். முதல் பஸ்ஸில் மதுரையிலிருந்து கிளம்பி வந்தவன், இன்னும் ஓர் இடத்தில் உட்காரவில்லை. நாளை மேலதிகாரிகள் வருகிறார்கள். இந்த ஒரு வீட்டில் புகைந்தாலும் நூறு அடுப்புக்கான அனுமதி போய்விடும்.

புழங்கப் போகிறவர்களைக் கேட்காமல் ஒரு கை மண்ணும் வைக்கக் கூடாது என்று ஆபீசில் சண்டை போட்டவன் அவன். கல்லுப்பட்டிக்குப் பக்கத்து ஊரான இங்கே பெண்களைக் கூட்டி யோசனை கேட்டிருந்தான். களிப்பானை அசையாமல் உட்கார வேண்டும் என்றாள் ஒச்சாயி. சுள்ளியை ஒடிக்காமல் வைக்க வேண்டும் என்றாள் மலையம்மாள். இரண்டையும் செய்தான். பாண்டியம்மாளின் மருமகள் தங்கப்பொண்ணு மட்டும், "கொழாய்க்கு ஒரு மூடி வைங்க சார்" என்றாள். மழைக்காகக் கேட்கிறாள் என்று விட்டுவிட்டான்.

அவன் மனைவி சூடாமணி காய்ச்சலில் போய் எட்டு மாதம். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்குக் கண் சிவந்தே இருக்கும். கேட்டால் புகை என்பாள். கேஸ் அடுப்பு வாங்கிப் போட்டான். அப்புறமும் சிவந்தது. வெங்காயம் என்றாள். அவள் போன மறுமாதமே இந்த அடுப்பு வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

உள்ளே தங்கப்பொண்ணு களி கிண்டிக்கொண்டிருந்தாள்.

"நீயாவது உன் மாமியார்கிட்ட சொல்லும்மா. நாளைக்கு ஒரு நாள் மட்டும் குழாயைத் தொட வேண்டாம்னு."

"அவுக இல்ல சார். நான்தேன் அடைச்சேன்."

"நீயா? எதுக்கு?"

அவள் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எங்காத்தா செத்து மூணு மாசமாகுது. 'இன்னும் என்னடி ஒப்பாரி'ன்னு இங்க வையிறாக. அடுப்படியில உக்காந்துதேன் அழுவேன். பொகைன்னு விட்டுருவாக. இப்ப பொகையே இல்லேன்னா, ஏன் கண்ணு கலங்குதுன்னு கேப்பாகல்ல?"

"அதுக்குத்தான் மூடி கேட்டியா?"

"ஆமா. வேணுங்கறப்ப மட்டும் மூடிக்கிருவேன். நீங்கதேன் வைக்கலையே."

பத்ரிநாத்துக்கு நாளைய கவலைதான் முன்னால் நின்றது. "இம்புட்டுத்தானா? வெங்காயம் உரிச்சேன்னு சொல்லிட வேண்டியதுதானே" என்றான்.

ஈரக் கண்ணோடு தங்கப்பொண்ணு சிரித்தேவிட்டாள்.

"தெனமுமா சார்? அதை எந்தப் புருசன் நம்புவான்?"