மிச்சம் இருக்கும் இடம்

மறுநாள் காலை புது அலுவலகத்தில் பால் காய்ச்ச வேண்டும். இடமாற்ற வேலை மொத்தத்தையும் தலையில் போட்டுக்கொண்ட மங்கையர்க்கரசி, வரைபடத்தோடு ஆறாம் மாடியில் கதவுகளைச் சரிபார்த்துக்கொண்டு வந்தாள். நான்கு மாதமாக அவளுக்கு இருக்கைப் பஞ்சாயத்துதான். ஒருவருக்கு ஏசி நேரே தலையில் அடிக்கக்கூடாது, இன்னொருவருக்குக் கழிப்பறைப் பக்கம் ஆகாது, முதலாளி கிழக்குப் பார்த்துத்தான் உட்காருவார். எழுபத்திரண்டு பேரையும் உட்காரவைத்த களைப்பில், தன் பெயருக்கு நேரே ‘மிச்சம் இருக்கும் இடம்’ என்று எழுதிவிட்டிருந்தாள். இப்போது வரைபடத்தில் சாப்பாட்டறைக்கு அடுத்து ஓர் அறை இருந்தது. ஆனால் அந்த இடத்தில் எதிரே வெறும் ஜிப்சம் சுவர். அதன் அடியில் மெல்லிய கோடாக வெளிச்சம்.

“இதுக்குக் கதவு எங்க, ஜெபசிங்?”

“டிராயிங்ல கதவு கிடையாதே மேடம்,” என்றான் சூப்பர்வைசர் ஜெபசிங். “நீங்கதான கையெழுத்துப் போட்டீங்க.”

அவளுடைய கையெழுத்துதான்.

“உள்ள என்ன இருக்கு?”

“ஒரு டேபிள், ஒரு சேர், ஒரு லைட். உங்க இடம்.” அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சுவரை ஆதரவாகத் தட்டினான். “பயப்படாதீங்க, இந்த ஒரு ஷீட்டை மட்டும் இன்னும் ஸ்க்ரூ போட்டு முடுக்கல. நாளைக்குப் பால் பொங்குனதும் நீங்க உள்ள போயிருங்க. பட்டி பார்த்து பெயிண்ட் அடிச்சிருவோம், சுவடே தெரியாது.”

வேலை முடிந்ததற்கான தாளை நீட்டினான். பழக்கதோஷம், அவள் கை பேனாவைத் தேடியது.