எண்ணெயின் சூடு

ஒரு சோதனைக்கூடத்தில் இரும்புக் குண்டு ஒன்று சுருள்வில்லில் தொங்கியது. குண்டின் அடியில் திருகியிருந்த தட்டு, எண்ணெய்க் குவளைக்குள் அமிழ்ந்திருந்தது. குண்டின் தலைக்கு மேலே ஒரு மணி. குண்டு துள்ளி மணியை அடித்துவிட்டால் சோதனை தோல்வி. குண்டையும் வில்லையும் கொக்கியிலிருந்து இறக்கிவிடுவார்கள். அந்த விடுதலைக்குத்தான் இரண்டும் ஏங்கின.

பொறியாளர் குண்டை இழுத்து விட்டார். குண்டு எகிறியது. மணி மயிரிழையில் தப்பியது.

"தம்பி, குலுக்கலில் தட்டோட திருகு கழலுது," என்றது வில். "இன்னும் ஒரு உதறு உதறு. தட்டு விழுந்தா எண்ணெயோட பிடி விட்டுப்போகும், மணியை அடிச்சிடலாம்."

"வேண்டாம் அண்ணே. எண்ணெய்த் தோழர் மனசு நோகும். நான் ஆட ஆட அவர் எப்படிச் சூடாகிறார், பாத்தீங்களா? நமக்காகக் கொதிக்கிறார்."

"அட மடையா! உன் ஆட்டத்தைத் தின்னுதான்டா அது சூடாகுது!"

"உங்களுக்குப் பொறாமை."

"பொறுமை, தோழரே," என்றது எண்ணெய். "அடுத்த முறை தொட்டுவிடலாம்."

அடுத்த முறை குண்டு பாதி உயரம்தான் போனது. அதற்கடுத்த முறை அதிலும் பாதி. பிறகு அசைவே இல்லை.

"ஆட்டம் அருமையா அடங்குது," என்றார் பொறியாளர். "எல்லா இயந்திரத்துக்கும் இந்த எண்ணெயையே போட்டுடலாம்."

அவர் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

"தோழரே," என்று மெல்லக் கூப்பிட்டது குண்டு.

எண்ணெய் ஆறிப்போயிருந்தது.

 குண்டின் முழுப் பாரத்தையும் வில்தான் தாங்கிக்கொண்டிருந்தது.