அதிகம் தேடப்பட்டவர்

காலை பத்து மணிவரை பதக்கம் என்ற பேச்சே இல்லை. பத்தேகாலுக்குள் சுண்டெலி அதை நிறுத்த வழி தேடி ஓடிக்கொண்டிருந்தாள்.

ஆய்வு நிறுவனம் ஒன்றின் நூலகக் கீழ்த்தளத்தில், கணினிகளுக்கு நடுவே ஓசைப்படாமல் வேலை பார்க்கும் பெண்ணுக்கு அங்கே வைத்த பெயர் அது. இரண்டு வருஷமாக அவள் ஒற்றை ஆளாகக் கட்டிய தேடல் கருவியைத்தான் இப்போது நிறுவனமே தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடுகிறது. ஆய்வுக் கட்டுரை எழுதியவரின் பெயரைத் தட்டினால் போதும். எந்தக் காலத்தில், எந்த இதழில் எழுதியிருந்தாலும் அத்தனையும் வரிசைகட்டி வந்து நிற்கும்.

அன்றைக்கு இயக்குநரே படியிறங்கி ஓடிவந்தார்.

“ஏம்மா சுண்டெலி, ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல, அப்படி ஒரு யோசனை! உன் கருவியில யாரை அதிகமாத் தேடியிருக்காங்களோ, அவருக்குத் தங்கப் பதக்கம். யாரா இருந்தாலும் சரி. நானா இருந்தாலும் மறுக்க மாட்டேன்.”

அவள் தடுப்பதற்குள் அவரே பொத்தானை அமுக்கிவிட்டார்.

முதல் இடத்தில் ஒரு கட்டுரையாளரின் பெயர். பதினோரு கட்டுரைகள். தேடப்பட்டது நாலாயிரத்துச் சொச்சம் தடவை. இயக்குநரின் பெயர் எங்கோ அடியில் கிடந்தது. ஏழு தடவை. அந்த ஏழும் அவருடைய அறையிலிருந்தே.

“யாரும்மா இவரு?” என்றவர், தனக்குத் தெரியாமல் ஒரு மேதை இருப்பதா என்று சட்டென முகத்தை மாற்றிக்கொண்டார். “அட, இவரா! ரொம்ப நல்லாத் தெரியுமே. விலாசம் எடு. மேடையில ஏத்திடுவோம்.”

அந்த நாலாயிரம் தடவையும் தேடியது சுண்டெலிதான். அந்த மனிதர் இல்லாமல் கருவி உருவாகியே இருக்காது. அதை இன்றுவரை நிர்வாகத்தில் யாரிடமும் அவள் சொன்னதில்லை. கருவியைத் திறந்துவைத்த அன்றே அவர் பெயரைத் துடைத்து எடுத்திருக்க வேண்டும். மறந்து தொலைத்தாள். இனி எப்படி எடுப்பது?

விசாரித்துக்கொண்டு கிளம்பினால் ஒரே நாளில் குட்டு உடைந்துவிடும். வேலை போகும். அதுகூடப் பரவாயில்லை, அப்புறம் அவள் கருவியை ஒருத்தர் நம்புவாரா? இரண்டு வருஷ உழைப்பு குப்பைக்குப் போய்விடுமே!

மேல்மாடிக்கு ஓடினாள். அவளுக்கு ஆபத்து என்றால் நூலகர் அக்காதான்.

“அக்கா, வசமா மாட்டிக்கிட்டேன்.”

காதோடு சொன்னதைக் கேட்ட அக்கா முதலில் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் புத்தக அடுக்குக்குப் பின்னால் போய் நின்று யோசித்தார்.

“அந்த மனுஷன் மேடைக்கு வரக் கூடாது, அவ்வளவுதானே? செத்தவங்க எப்படிடி வருவாங்க?”

“அக்கா!”

“கத்தாதே. கீழ போ, கதவைச் சாத்திக்கோ, காரியத்தை முடி.”

சுண்டெலி கதவைச் சாத்திக்கொண்டாள். கட்டுரையாளரின் விவரப் பக்கத்தில் ‘மறைவு’ என்ற கட்டம் காலியாக இருந்தது. அதில் போன வருஷத்தைத் தட்டினாள். சாகாத ஒருத்தருக்குச் சாவு எழுதிய விரலை, எதற்கோ, போய்க் கழுவிவிட்டும் வந்தாள்.

அத்தோடு பதக்கம் நின்றுவிடும் என்பது அவள் கணக்கு. அதைப் பார்த்த இயக்குநரோ கைக்குட்டையைத் தேடினார்.

“போயிட்டாரா! என் மேல எவ்வளவு பிரியம் வச்சிருந்தாரு. சரி, குடும்பத்தைக் கண்டுபிடிங்க. அவங்க கையில குடுப்போம்.”

பேப்பரில் விளம்பரம் வந்தது. ‘தங்கப் பதக்கம்’ என்பது மட்டும் கொட்டை எழுத்தில்.

விழா நாளில் அரங்கம் நிரம்பி வழிந்தது. “ஒரே தட்டுல சாப்பிட்டவங்க நாங்க,” என்று இயக்குநர் தழுதழுத்தார். பேராசிரியர் ஒருவர் விடுவாரா? “அவரோட மூணாவது கட்டுரை என்னைக் கேட்டுத்தான் எழுதினாரு,” என்று ஒரு படி மேலே போனார். சுண்டெலி தூணுக்குப் பின்னால் ஒடுங்கி நின்றாள். அக்கா அவள் கையைக் கிள்ளினார்.

“பல்லைக் கடிச்சுக்கோ. குடும்பம்னு யாரும் வரல. இன்னும் கால் மணி நேரம், தப்பிச்சோம்.”

அப்போது கதவு திறந்தது. அழுது வீங்கிய கண்களோடு ஓர் அம்மாள், மார்போடு அணைத்த புகைப்படத்துடன் நடந்து வந்தார்.

“நான்தாங்க அவரோட சம்சாரம்.”

இயக்குநர் படத்தை வாங்கிப் பார்த்தார். “அவரேதான்! அந்த மூக்கை மறக்க முடியுமா?”

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. அம்மாள் பதக்கத்தை வாங்கினார். உள்ளங்கையில் வைத்து ஒரு கணம் எடை பார்த்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டு பைக்குள் போட்டு, பையின் வாயை இறுக்கி மூடினார்.

“இந்தப் பொண்ணுதாம்மா உங்க வீட்டுக்காரரை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவ,” என்று இயக்குநர் சுண்டெலியை இழுத்து வந்து முன்னால் நிறுத்தினார்.

அம்மாள் அவளுடைய இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டு விம்மினார்.

“கடைசி மூச்சு என் மடியிலதான்மா போச்சு. அப்பவும் ‘கட்டுரை, கட்டுரை’ன்னுதான் முனகிட்டிருந்தாரு.”

சுண்டெலி திரும்பி அக்காவைப் பார்த்தாள். அக்காவுக்கு இருமல் வந்துவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன், கருவி ஒழுங்காகத் தேடுகிறதா என்று தினமும் சோதித்துப் பார்ப்பதற்காக ஒரு பெயரையும் பதினோரு தலைப்புகளையும் சொந்தக் கற்பனையில் தட்டிப் போட்டபோது, அந்த மனுஷனுக்குக் கல்யாணம் செய்துவைத்ததாக அவளுக்கு ஞாபகமே இல்லை.