பூச்சிகூடச் செத்திருக்கே!

"ராத்திரியில இதை உள்ளே எடுத்து வச்சியா, இல்லையா? அதை மட்டும் சொல்லு."

ஊரிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கிய மாமியார், பையை வாசலிலேயே போட்டுவிட்டுச் செம்பருத்தித் தொட்டி முன்னால் நின்றாள். இலையெல்லாம் கருகி, வெந்த கீரை மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. கிள்ளி வைத்த குச்சியிலிருந்து அவள் வளர்த்த செடி. சொந்தப் பிள்ளையைக்கூட அப்படிப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டாள்.

மருமகள் ஆஸ்பத்திரி லேபுக்குக் கிளம்பி, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றாள்.

மகளின் பிரசவத்துக்குப் போகும்போதே மாமியார் கறாராகச் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள்.

"வேலையையும் பார்த்து வீட்டையும் பார்ப்பேங்கிறே. சரி, பார்க்கலாம். நான் திரும்பி வர்றப்போ ஏதாவது ஒண்ணு பாழாகியிருந்தாலும் வேலையை விட்டுட்டு வீட்டோட இருக்கணும். என்ன?"

லாரியை எடுக்கிற அவசரத்தில் இருந்த மகனும், "அம்மா சொல்றது சரிதானே" என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டான். மருமகளும் சரி என்றாள். வேறு என்னத்தைச் சொல்வது?

அதற்கப்புறம்தான் அந்தக் குளிர் வந்தது. மலையூர்தான் என்றாலும், அந்தத் தெருவில் யாரும் பார்த்திராத குளிர். வாளித் தண்ணீர்கூட உறைந்துபோனது. "சாயங்காலமானா தொட்டியை உள்ளே தூக்கி வச்சிடு" என்று மாமியார் போனில் படித்துப் படித்துச் சொன்னாள்.

"கேட்கிறேன் இல்லே? வெளியிலேயே போட்டுட்டியா?"

"அத்தை... அது வந்து..."

மாமியார் ஒரு இலையைத் திருப்பினாள். அடியில் அப்பிக் கிடந்த மாவுப்பூச்சி மொத்தமும் காய்ந்துபோய், கை பட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"அட, பூச்சிகூடச் செத்திருக்கே!"

அவள் குரலே மாறிவிட்டது.

"சோப்புத் தண்ணி ஊத்தினாலும் சாகாது. பிரஷ் போட்டுத் தேய்ச்சாலும் போகாது. இந்தச் சனியனா குளிருக்குச் சாகும்? இது மருந்துடி. யாரோ மருந்து அடிச்சிருக்காங்க!"

யாரோ என்று வாய் சொன்னாலும் கண் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது.

பக்கத்து வீட்டில் டெய்லரம்மா. போன வருஷம் இந்தச் செடியின் பூச்சி சுவரேறிப் போய் அவளுடைய கத்தரிச் செடிகளை ஒன்றுவிடாமல் காலி பண்ணியது. "ஒருநாள் இல்லே ஒருநாள் உங்க செடிக்கு மருந்து ஊத்தறேனா இல்லையா பாருங்க" என்று தெருவே கேட்கக் கத்தியவள். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

மாமியார் சுவரோரம் போய் நின்றாள். "ஏம்மா! வெளியே வா! நீதானே என் செடிக்கு மருந்து அடிச்சே?"

தையல் மெஷின் சத்தம் நின்றது. டெய்லரம்மா கழுத்தில் டேப்போடு வந்தாள். மாமியாரைப் பார்த்தாள். பின்னால் வெளிறிப்போய் நின்ற மருமகளைப் பார்த்தாள்.

"ஆமா. நான்தான் அடிச்சேன். இப்ப என்ன?"

மாமியாருக்கே தூக்கிவாரிப் போட்டது. இல்லை என்று சாதிப்பாள், அப்புறம் ஒரு பிடி பிடிக்கலாம் என்று நினைத்திருந்தாள் போல.

"அடிப்பாவி! வாயில்லாத செடி உன்னை என்னடி பண்ணுச்சு?"

"என் கத்தரிக்கு மட்டும் வாய் இருந்துச்சா?"

"வீட்டுக்குள்ள இருந்த செடிக்கு எப்படி அடிச்சே?"

"ராத்திரிதானே உள்ளே இருக்கும்? ஒருநாள் தவறாம உங்க மருமக தூக்கி வச்சிட்டுத்தான் இருந்தா. பகல்ல வெயிலுக்கு வெளியே வச்சிட்டு வேலைக்குப் போனா பாருங்க, அப்பத்தான்."

அவ்வளவுதான். மாமியார் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். போகிற வருகிறவர்கள் நின்றார்கள். "பொம்பளைக்கு இவ்வளவு கல்நெஞ்சு ஆகாதுப்பா" என்றார் பால்காரர். "இவகிட்ட இனிமே துணி குடுக்கக் கூடாது" என்றாள் எதிர்வீட்டுக்காரி. டெய்லரம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, மெஷினுக்குத் திரும்பிப் போனாள்.

மாமியார் மூச்சு வாங்கிக்கொண்டு மருமகள் பக்கம் திரும்பினாள்.

"நீ ஏன்டி மரம் மாதிரி நிக்கிறே? உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டேன் பாரு. கிளம்பு, கிளம்பு. வேலைக்கு நேரமாகலே?"

மருமகள் கிளம்பினாள். தெருமுனை வரைக்கும் போனவள், மனசு கேட்காமல் பின்சந்து வழியாகச் சுற்றிவந்து, டெய்லரம்மாவின் ஜன்னலைத் தட்டினாள்.

"அக்கா, நீங்க ஒரு சொட்டு மருந்துகூட அடிக்கலையே."

"அடிக்கலே." ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள் டெய்லரம்மா. "இந்தக் குளிருக்குப் பூச்சி மட்டும் தப்பிக்குமா? இந்த வருஷம் நான் வச்ச கத்தரியில வந்து பாரு, மருந்தே இல்லாம பூச்சி அத்தனையும் உதிர்ந்து கிடக்கு. நல்லவேளை, உங்க அத்தைக்கு அது தோணலே."

"அன்னைக்கு ரெண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்தேங்க்கா. வந்து உட்கார்ந்தவ அப்படியே தூங்கிட்டேன். தொட்டி வெளியிலேயே..."

சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

"தெரியும். மறுநாள் காலையில அந்தத் தொட்டியைக் கட்டிக்கிட்டு நீ அழுததை இதே ஜன்னல் வழியாத்தான் பார்த்தேன்."

"தெருவே உங்களைத் திட்டுதே. பண்ணாத தப்பை ஏன்க்கா ஒத்துக்கிட்டீங்க?"

டெய்லரம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"உங்க அத்தை என்னைத் திட்டினா நான் கதவைச் சாத்திக்கலாம். உன்னைத் திட்டினா, நீ எந்தக் கதவைச் சாத்துவே?"