அசையாமல் இருந்த குப்பம்

குப்பமே மணலில் உட்கார்ந்திருந்தது. உலக்கை இடிக்கவில்லை. மீன் கூடை நகரவில்லை.

நான் கேட்டுக்கொண்டதற்காக. பத்து நிமிடம், நான் வந்து சொல்கிறவரை யாரும் அசையக் கூடாது என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தேன்.

“மூச்சு வுடலாமா கண்ணு, இல்ல அதுவும் ஆவாதா?” என்றாள் மங்கையக்கா. ஒரு மாதமாக எனக்கு மதியச் சோறு போடுகிறவள். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு நிஜமாகவே ஆடாமல் இருந்தார்கள்.

கொட்டகைக்குள் என் மேலதிகாரி நீலமேகம் சார், சோதனைக்கு வைத்திருந்த கருவியின் உருளைக் காகிதத்தில் ஓடும் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மகாராஷ்டிராவில் நடந்த கொய்னா பூகம்பத்துக்குப் பிறகு எங்கள் அலுவலகம் நிலநடுக்கம் அளக்கிற கருவி ஒன்று வாங்க வேண்டும். அவர் கேட்டது சின்னது. பக்கத்தில் பெரிதாகக் குலுங்கினால் மட்டும் எழுதும். நான் கேட்டது மெதுவான அசைவு, வேகமான அசைவு எல்லாவற்றையும் பிடிக்கும். ஜப்பானில் பூமி நடுங்கினால் இங்கே எண்ணூரில் கோடு வளையும்.

“எல்லாத்தையும் பிடிக்கும்னா குப்பையையும் பிடிக்கும்மா. கோட்டைப் பார், முள்வேலி மாதிரி. மூட்டை தூக்குறவர் பொண்ணுக்கு ஆசை மட்டும் ஜப்பான் வரைக்கும்!” போன வாரம் அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள்.

ஆமாம், என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்தான். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தச் சிரிப்பை நான் விடுவதாயில்லை.

இப்போது கோட்டில் ஒரு முள்கூட இல்லை. கடலின் நிதானமான ஏற்ற இறக்கம் மட்டும்.

“ஜெயிச்சுட்டே ஹில்டா. உன் கருவியையே வாங்கலாம்.”

குனிந்து அறிக்கையில் எழுதினார்: இடையூறு, குப்பத்து நடமாட்டம். கருவி வைக்குமுன் குடிசைகளை அகற்ற வேண்டும்.

பேனாவை என்னிடம் நீட்டினார்.

இடையூறு அவர்களால் இல்லை. எனக்குத் தெரியும். முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் புது ஆலைக்கு இரும்புத் தூண் அடிக்கிறார்கள். அலைச் சத்தத்தில் அது காதுக்கு எட்டாது, தரைக்கு எட்டும். அங்கே சாப்பாட்டுக்கு ஒரு மணி வரை நிறுத்துகிற நேரம் பார்த்துத்தான் சோதனையை வைத்தேன். குப்பத்தை உட்காரச் சொன்னது, சார் நம்புவதற்கு ஏதாவது ஒரு காரணம் வேண்டுமே என்று.

ஆலையை எவனும் நிறுத்தமாட்டான். வாயைத் திறந்தால் சின்னக் கருவிதான் வரும்.

கையெழுத்துப் போட்டேன்.

ஜீப் போய்விட்டது. வெளியே போய் ‘எழுந்திருங்கள்’ என்று சொல்ல எனக்குக் கால் வரவில்லை.

சரியாக ஒரு மணிக்கு எழுதுமுனை துள்ள ஆரம்பித்தது. காகிதம் முழுக்க முள்.

வாசலில் எட்டிப் பார்த்தேன்.

உச்சி வெயிலில் ஒருத்தர்கூட அசையவில்லை.